உச்சிக்கு மேல ஒரு அம்புக்குறி

எங்க ஓடைமங்கலத்துல பிறந்தவன் எவனும் என் கம்ப்யூட்டர் மவுசுக்குத் தப்பிச்சுச் செத்ததில்ல. காதுகுத்தா, சடங்கா, கல்யாணமா, கட்சியில பதவி வாங்கிட்டானா, அறுபதாங் கல்யாணமா, கடைசியில கண்ணீர் அஞ்சலியா, எதுவா இருந்தாலும் பால்வண்ணன் அண்ணாச்சியோட பிளக்ஸ் கடைக்குத்தான் வரணும். வந்தா உள்ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கிற இந்த சங்கரகோமதிதான் அந்த மூஞ்சிய வெட்டணும், பருவை அழிக்கணும், பின்னால தாமரைக் குளமோ நீல வானமோ போடணும், "யக்கா, கொஞ்சம் செவப்பாக்கி விடுங்க"ன்னு கெஞ்சுறவனைச் செவப்பாக்கணும். பதினாறு வருசமா இதே பொழப்பு. அந்தப் பதினாறு வருசத்து மூஞ்சியும் பின்ரூம் பீரோ மேல, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்துல, ஒரு கறுப்புப் பெட்டிக்குள்ள கெடக்கு. அதுக்கு சர்வர்னு பேரு.

நாலு ஊர்ல கிளைக்கடை வந்த பெறகு எனக்குச் சனி பிடிச்சுது. "அக்கா, போன வருசம் அடிச்ச மணமேல்குடியார் போட்டோவ அனுப்புங்க", "அக்கா, அந்த மயில் டிசைன அனுப்புங்க"ன்னு நாள் பூரா போன் போட்டு என் உயிரை வாங்குனானுவ. அனுப்பி அனுப்பி என் விரல் தேஞ்சதுதான் மிச்சம். ஒருநாள் நான் சாப்பாட்டுத் தூக்கை டங்குன்னு வச்சேன். "அண்ணாச்சி, ஒண்ணு அவனுவளே சர்வருக்குள்ள பாத்து எடுத்துக்கிடுத மாதிரி வழி பண்ணுங்க, இல்ல எனக்குக் கணக்கை முடிச்சு விட்டுருங்க"ன்னேன். அண்ணாச்சி அந்தோணிராஜைக் கூப்பிட்டாரு. எங்க கடை வெப்சைட்டை எழுதுனது அவன்தான். இஞ்சினியரிங் முடிச்சுட்டு, சென்னைக்குப் போனா மீன் குழம்பு சரியிருக்காதுன்னு ஊர்லயே இருந்துட்டவன். மூணே நாள்ல வெப்சைட்டுக்குள்ள புதுசா ஒரு பக்கம் வச்சுக் குடுத்தான். அதைத் தெறந்தா சர்வர்ல இருக்கிற போல்டர் எல்லாம் மஞ்சள் மஞ்சளா வரிசையில நிக்கும். ஒண்ணைத் தட்டுனா உள்ள போகலாம். வெளிய வரணும்னா ஓரத்துல ஒரு அம்புக்குறி, 'மேலே'ன்னு எழுதியிருக்கும், அதைத் தட்டுனா ஒரு படி மேல வந்துரும்.

உச்சியில இருக்கிற போல்டருக்கு வந்த பெறகு அந்த அம்புக்குறி மறைஞ்சு போகணும். அதுக்கு ஒரு வரி எழுதணும். அந்த ஒரு வரிய அந்தோணி மறந்துட்டான்.

வைகாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரு கையில தயிர்சாதத்தை வச்சுக்கிட்டு இன்னொரு கையால சும்மா மேல மேலன்னு தட்டிக்கிட்டே போனவ, உச்சிக்கு வந்த பெறகும் கை நிக்காம இன்னொரு தட்டு தட்டிட்டேன். உச்சிக்கு மேல ஒரு படி போயிருச்சு. அங்க எங்க ஊர்த் தெரு எல்லாம் போல்டரா இருந்துச்சு, தெருவுக்குள்ள வீட்டு நம்பர், வீட்டுக்குள்ள ஆள் பேரு, அத்தனையும் செத்தவங்க பேரு. வடக்குத் தெரு பதினாலாம் நம்பர் பிச்சையா வாத்தியாரைத் தெறந்து பாத்தேன். நாலு வருசம் முந்தி நான்தான் அவருக்கு அஞ்சலி அடிச்சேன். தெனம் ஒரு போட்டோ, காலையில பத்து பத்துக்கு எடுத்தது, இன்னைக்குத் தேதி வரைக்கும் இருந்துச்சு. இன்னைக்கு போட்டோவுல வாத்தியார் கத்திரிக்காயை வெயில்ல திருப்பிப் பாத்து ஓட்டை இருக்கான்னு தேடிக்கிட்டிருந்தாரு. முடி இன்னும் கொஞ்சம் நரைச்சிருந்துச்சு. நான் மிச்சச் சோத்தைத் தின்னு கையக் கழுவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க அப்பா மேல இருக்காரான்னு வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டேன். அண்ணாச்சி வந்து பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "இப்பவும் சட்டைப் பித்தானை மாத்தித்தான் போட்டிருக்காரு"ன்னு சொல்லி மூக்கைச் சிந்துனாரு.

அந்தோணி மட்டும் தலையில கை வச்சுக்கிட்டு, "யக்கா, அதுக்கு மேல ஒண்ணும் கெடையாதுக்கா, உச்சின்னா அதான் உச்சி"ன்னான். அவங்க அம்மா போட்டோவக் காட்டுனேன். அதுக்கப்புறம் அவன் அதைப் பத்திப் பேசல.

ஊருக்கு விசயம் தெரிய ஒரு பொழுது போதாதா? மறுநாள் காலையில கடை வாசல்ல பால்காரன்ல இருந்து பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் வரைக்கும் நின்னாங்க. டோக்கன் போட்டோம், ஆளுக்கு ரெண்டு நிமிசம்னோம், செருப்பை வெளிய விடுங்கன்னு நாங்க சொல்லாமலே விட்டாங்க. சர்வருக்கு ஒருத்தர் மாலை போட்டாரு, ஒரு அம்மா மஞ்சத் தண்ணி தெளிக்க வந்துச்சு, அந்தோணி அலறிக்கிட்டு ஓடி வந்து குறுக்க விழுந்தான். பூசாரி வந்தாரு, பள்ளிவாசல்ல இருந்து வந்தாங்க, சர்ச்சுல இருந்து வந்தாங்க, ஆளாளுக்கு விளக்கம் சொல்லணும்னுதான் வந்தாங்க, ஆனா அவங்கவங்க தாய் தகப்பனைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்க. பத்து நாள்ல ஊர் பழகிருச்சு. "எங்க மாமியா மேல போயும் வெத்தல போடுதா", "இந்த மனுசனுக்கு அங்க எவ வேட்டி தொவைக்கா, இவ்வளவு வெள்ளையா இருக்கு"ன்னு பேச்சு நடந்துச்சு. வாத்தியார் சம்சாரம் சரசுவதி டீச்சர் தெனம் பத்தேகாலுக்கு வந்து அவரு அன்னைக்கு என்ன காய் வாங்குனாருன்னு பாத்துட்டுப் போய் அதே காயைச் சமைக்கும். எழவு வீட்ல அழுகை கொறஞ்சு போச்சு; செத்த மறுநாளே போல்டர் வந்துருமுல்லா, "நாளைக்குப் பத்து பத்துக்குப் பாத்துக்கிடலாம், எந்திரி"ன்னு தேத்துனாங்க. கூட்டம் தாங்காம அண்ணாச்சி பாஸ்வேர்டை ஊருக்கே குடுத்துட்டாரு, அவங்கவங்க போன்லயே பாத்துக்கிட்டாங்க. உசிரோட இருக்கிறவன் பேர்ல மட்டும் போல்டர் கெடையாது. குடிச்சுட்டு வந்த ஒருத்தன் தன் பேரைத் தேடிப் பாத்துட்டு, இல்லன்னதும் எனக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்தான்.

ஊர்ல மேல பாக்க வராத ஒரே ஆளு அன்னத்தாயக்கா.

அன்னத்தாயக்காவைச் சொல்லணும்னா துரையைச் சொல்லணும். இசக்கிதுரை, அக்காவோட ஒரே மகன், பதினேழு வயசுல, "சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு வாரேம்மா"ன்னு போனவன் வரல. சைக்கிள் மட்டும் கடையோரம் சாத்தியிருந்துச்சு, ரெண்டு டயர்லயும் காத்து நெறைய இருந்துச்சு. அன்னையில இருந்து வருசா வருசம் ஆவணி எட்டாம் தேதி அக்கா எங்க கடைக்கு வரும், 'காணவில்லை' போஸ்டர் அடிக்கும். பழைய போட்டோவுக்கு வயசு ஏறாதே, ஆளுக்கு ஏறுமே, அதனால வருசா வருசம் நான் அவனுக்கு ஒரு வயசு கூட்டுவேன். மொத வருசம் மீசைக் கோடு, அடுத்த வருசம் தாடையை அகலம், கன்னத்துல கொஞ்சம் சதை. அக்கா பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, "காது எங்க அண்ணன் காதுடி, அதை மாத்தாத" அப்படின்னு சொல்லிக்கிட்டே இருக்கும். பன்னிரண்டு வருசம் அந்தப் பயலை நான்தான் வளத்தேன்னு சொன்னாலும் தப்பில்ல. அவங்க அப்பா அரியநாயகம் அந்தப் போஸ்டரைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு பஸ் பஸ்ஸா ஏறி, ஒட்டி, அலைஞ்சு, அஞ்சு வருசம் முந்தி ஒரு பஸ் ஸ்டாண்டுலயே விழுந்து செத்தாரு. போஸ்டர்ல போட்ட நம்பர் அக்காவோட பட்டன் போன். அதை அக்கா அணைச்சதே இல்ல. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாலும் கழுத்துல துணிப் பையில தொங்கும். மத்தியானம் சார்ஜ் போட எங்க கடைக்கு வரும். என் டேபிளுக்குக் கீழ இருக்கிற பிளக் அதுக்குன்னே உள்ளது.

"யக்கா, ஒரு தடவை பாத்துரேன்"னேன்.

"இருந்துட்டான்னா?"

நான் மவுசுல இருந்து கையை எடுத்துட்டேன். அக்கா சுவரைப் பாத்துக்கிட்டே, "நீ பாரு. இருந்தான்னா எங்கிட்டச் சொல்லாத. இல்லன்னா மட்டும் சொல்லு"ன்னுச்சு.

தெக்குத் தெரு, ஏழாம் நம்பர். ரெண்டே போல்டர். ஒண்ணு அக்கா மாமியா, இன்னொண்ணு அரியநாயகம். எனக்குப் போன உசிரு திரும்பி வந்துச்சு. "இல்லக்கா! துரை இல்ல! உசிரோட இருக்கான்க்கா!"ன்னு கத்துனேன். கடையே கத்துச்சு. அண்ணாச்சி பூந்தி வாங்கியாரச் சொன்னாரு. அக்கா பிளக்குப் பக்கத்துல தரையில உக்காந்து, போனை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டு அப்படி அழுதுச்சு. பெறகு எந்திரிச்சு முகத்தைத் தொடைச்சுட்டு, "அப்ப எங்க வீட்டுக்காரரைக் காட்டு"ன்னுச்சு.

காட்டுனேன். அரியநாயகம் ஒரு சுவருக்கு முன்னால நிக்காரு, பசை வாளி கையில, கக்கத்துல போஸ்டர். முந்துன நாள் வேற சுவர். அதுக்கு முந்துன நாள் யாரோ ஒருத்தரை நிறுத்தி போஸ்டரைக் காட்டிக் கேக்காரு. அஞ்சு வருசத்துப் போட்டோவும் அப்படித்தான். செத்த பெறகும் அந்த மனுசன் மகனைத் தேடிக்கிட்டிருக்காரு. சாவு வந்தும் அவருக்கு ஓய்வு வரல.

"அய்யோ, கிறுக்கு மனுசா"ன்னு அக்கா சிரிச்சுக்கிட்டே அழுதுச்சு. "அவன் அங்க இல்லன்னு இவருக்கு எப்படித் தெரியும்? யாரு சொல்லுவா? தம்பி அந்தோணி, இங்க இருந்து ஒண்ணு அங்க அனுப்ப முடியாதாப்பா?"

அந்த வெப்சைட் பக்கத்துல பாக்க மட்டும்தான் முடியும், போட முடியாது. போடணும்னா அதுக்கு ஒரு பட்டன் வைக்கணும். அந்தோணி அன்னைக்குப் பூரா உக்காந்து அந்தப் பட்டனை வச்சான். நான் போஸ்டர் செஞ்சேன். அவரு கண்ணாடி போட மாட்டாருன்னு அக்கா எழுத்தைப் பெருசாக்கச் சொல்லுச்சு. 'தேட வேண்டாம். துரை அங்கே இல்லை. உட்காருங்க. - அன்னத்தாய்.' அவ்வளவுதான். அரியநாயகம் போல்டருக்குள்ள போட்டோம். மறுநாள் பத்து பத்துக்குத் தெறந்து பாத்தோம். அரியநாயகம் ஒரு பெஞ்சுல உக்காந்திருந்தாரு. செருப்பைக் கழட்டி வச்சிருந்தாரு. பசை வாளி கவுந்து கெடந்துச்சு. கையில டீ. அதுக்கடுத்த நாளும் அதே பெஞ்சு, அதே டீ. அக்கா தெனம் ஒரு மணிக்கு வந்து பாக்கும், "நல்லா உக்காருங்க"ன்னு ஸ்கிரீனைப் பாத்துச் சொல்லும், போனை சார்ஜ்ல இருந்து எடுக்கும், போகும். அந்த ஒரு மாசத்துல அக்கா மூஞ்சியில சதை வச்சுது. தலைக்குப் பூ வச்சுக்கிட்டு வந்துச்சு ஒருநாள். நல்லா இருந்துச்சு பாக்க.

ஆனி மாசக் கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை, பத்தேகாலுக்கு, கடையில முப்பது பேர் நிக்கையில, வழக்கம் போல அக்கா வரதுக்கு முன்னால ஒரு எட்டு பாத்துக்கிடுவோம்னு தெக்குத் தெருவைத் தெறந்தேன். ஏழாம் நம்பர்ல மூணு போல்டர் இருந்துச்சு.

புதுசைத் தெறக்கல. தைரியம் வரல. அரியநாயகத்தைத் தெறந்தேன். அதே பெஞ்சு. பக்கத்துல ஒருத்தன். முப்பது வயசு இருக்கும், ஒல்லி, மீசை இல்ல, முன்நெத்தியில முடி ஏறிப் போயிருந்துச்சு, இடது புருவத்தைக் குறுக்க வெட்டிக்கிட்டு ஒரு தழும்பு. பன்னிரண்டு வருசமா நான் வரைஞ்ச மூஞ்சி அதில்ல, நான் போட்ட மீசையும் சதையும் எதுவும் சரியில்ல. காது மட்டும்தான் சரி. தெருவைத் தாண்டுதப்போ சின்னப் பிள்ளையப் பிடிப்போமே, அப்படி அரியநாயகம் அவன் மணிக்கட்டைப் பிடிச்சிருந்தாரு.

முந்தாநாள் வரைக்கும் எங்கயோ உசிரோடதான் இருந்திருக்கான், பாவி. எந்த ஊர்லயோ, எந்த வேலையிலயோ, எந்தப் பேர்லயோ. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? அந்த நம்பர் இன்னும் அதே நம்பர்தானே! நான் அங்கயே உக்காந்து அவனைத் திட்டித் திட்டி அழுதேன்.

அக்கா ஒரு மணிக்கு வந்தப்போ, "சர்வர் மக்கர் பண்ணுதுக்கா"ன்னு சொன்னேன். நம்பிருச்சு. ஆனா எத்தனை நாளைக்கு? ஊரு பூரா பாஸ்வேர்டு இருக்கு, தீப்பெட்டி ஆபீஸ்ல பக்கத்துல உக்காந்து குச்சி அடுக்குற பிள்ளைக போன்லகூட இருக்கு. சாயங்காலம் கடை வாசல்ல ஊர் கூடுச்சு, அக்காவைத் தவிர. யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கல. எல்லாருக்கும் வழி தெரியும், சொல்லத்தான் மனசில்ல. கடைசியில சரசுவதி டீச்சர்தான் சொல்லுச்சு.

"அந்த அம்புக்குறிய மூடிரு அந்தோணி."

"டீச்சர், மூடுனா யாரும் யாரையும் பாக்க முடியாது. நீங்களும்தான்."

"தெரியுதுப்பா. நாங்க எங்க ஆளுகளை ஒரு தடவை தூக்கிக் குடுத்தவங்கதான். இன்னொரு தடவையும் குடுப்போம். அவளுக்கு நம்பிக்கை ஒண்ணுதானே இருக்கு, அதை எடுத்துக்கிட்டு நாங்க கத்திரிக்காய் பாத்துக்கிட்டிருக்கணுமா?"

ஆளாளுக்குத் தலையாட்டுனாங்க. அண்ணாச்சி ஒருத்தர்தான், "எங்க அப்பாட்ட நாளைக்கு ஒரு தடவை சொல்லிட்டு வந்துருதேன்"னாரு. மறுநாள் காலையில ஊரே வந்துச்சு. டோக்கன் இல்ல, சண்டை இல்ல. பத்து பத்துக்குக் கடைசிப் போட்டோ வந்துச்சு, அவங்கவங்க போட்டோ முன்னால நின்னு அவங்கவங்க ஆளுக்கிட்டச் சொல்லிட்டுப் போனாங்க. வாத்தியார் அன்னைக்குப் பொடலங்கா வாங்கியிருந்தாரு. பன்னிரண்டு மணிக்கு அந்தோணி அந்த ஒரு வரிய எழுதுனான். உச்சிக்கு வந்ததும் அம்புக்குறி மறைஞ்சு போச்சு. பெறகு ஊர்ல ஒரு வாரம் எல்லா வீட்லயும் எழவு விழுந்த மாதிரிதான் இருந்துச்சு, அடுப்புகூடச் சரியா எரியல.

அக்காகிட்ட, "கோளாறாப் போச்சுக்கா, சரி பண்ண முடியாதாம்"னு சொன்னோம். அது, "போகட்டும், அவரு உக்காந்துட்டாருல்லா, அது போதும்"னு சொல்லிட்டு போனை சார்ஜ்ல போட்டுச்சு.

ஆவணி எட்டு வந்துச்சு. அக்கா வந்துச்சு, பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுச்சு, "முப்பது ஆரம்பிக்குது, பாத்துப் போடு"ன்னுச்சு. போன வருசத்துப் படத்தைத் தெறந்தேன். ஒரு நரைமுடி சேத்து, கன்னத்துல இன்னும் கொஞ்சம் சதை போட்டு அனுப்பிரலாம்னுதான் நெனச்சேன், சத்தியமா. ஆனா கை கேக்கல. தப்பு மூஞ்சின்னு தெரிஞ்ச மூஞ்சிக்கு எப்படி வயசு கூட்ட? அது வேற எவனோ. மீசையை அழிச்சேன். சதையை எடுத்தேன். முன்நெத்தி முடியை ஏத்துனேன். புருவத்துல அந்தக் கோட்டை இழுத்தேன். இழுத்து முடிச்ச பெறகுதான் அக்கா ஸ்கிரீனையே பாத்துக்கிட்டிருக்குன்னு புரிஞ்சுது.

"மீசைய எடுத்துட்ட."

"இப்பப் பயலுவ வைக்கறதில்லக்கா."

"புருவத்துல என்னது?"

"சும்மா... ஒரு இது."

அக்கா எந்திரிச்சு வந்து ஸ்கிரீன்ல அந்தத் தழும்பை விரலால தடவிப் பாத்துச்சு. அந்த ஏறுன நெத்தியைத் தடவுச்சு.

"நீ அவனைப் பாத்துட்ட கோமதி."

நான் பொய் சொல்லலாம்னு வாயத் தெறந்தேன், அழுகைதான் வந்துச்சு.

"எப்ப?"

"ஆனிக் கடைசியில."

"அதுக்குத்தான் ஊரு சேந்து மூடுனீங்களா?"

"ஆமாக்கா."

"அவரு பக்கத்துலயா இருந்தான்?"

"பக்கத்துலதான். அவரு கையைப் பிடிச்சிருந்தாரு."

"உக்காந்ததுனாலதான் பய கண்ணுல பட்டிருக்காரு"ன்னு அக்கா சொல்லுச்சு. நெஞ்சுல கைய வச்சுத் தேய்ச்சுச்சு. "டீச்சர் எளைச்சுப் போயிட்டா, நானும் என்னடான்னு பாத்தேன். எனக்காக ஊரு ஏன் பட்டினி கெடக்கணும்? அந்தோணியை அந்த அம்பைத் தெறக்கச் சொல்லு."

அந்தோணி வந்து அவன் எழுதுன ஒரு வரிய அழிச்சான். அம்புக்குறி திரும்ப வந்துச்சு. நான் தட்டுனேன். உச்சி போல்டர்தான் வந்துச்சு. இன்னொரு தட்டு, அதே உச்சி. எத்தனை தடவை தட்டுனேன்னு தெரியல. எங்கயும் எந்த சர்வர்லயும் எப்படியோ அப்படி, உச்சிக்கு மேல ஒண்ணுமில்ல. அந்தோணி, "அம்மா"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு வெளிய போயிட்டான்.

"விடு தாயி"ன்னு அக்கா என் கையை மவுசுல இருந்து எடுத்துச்சு. "படம் நல்லா வந்திருக்கு. இப்பத்தான் அவன் மாதிரியே இருக்கான். அடிச்சுரு. மேல 'காணவில்லை'ன்னு இருக்குல்லா, அதை எடுத்துரு. பேரு மட்டும் இருக்கட்டும்."

எடுத்தேன்.

"கீழ போன் நம்பரையும் எடுத்துரு."

எடுத்தேன். போஸ்டர்ல பேரும் மூஞ்சியும் மட்டும் மிச்சமிருந்துச்சு. அக்கா குனிஞ்சு டேபிளுக்குக் கீழ இருந்து சார்ஜரைப் பிடுங்கி, வயரைச் சுத்தி, கழுத்துல கெடந்த துணிப் பையைக் கழட்டி, போனை வெளிய எடுத்து, எந்தப் பட்டன்னு தெரியாம அங்கயும் இங்கயும் அமுக்கிப் பாத்துட்டு எங்கிட்ட நீட்டுச்சு.

"இதை எப்படி அணைக்கணும்? நான் அணைச்சதே இல்ல."

செவப்புப் பட்டன் மேல அக்கா விரலை எடுத்து வச்சேன். என் விரலையும் அது மேல வச்சு, ரெண்டு பேருமா, அது அணையுத வரைக்கும் அமுக்கிக்கிட்டே இருந்தோம்.